ப்ரொஜெக்டர்ல படம் வரலைன்னா பழி லினக்ஸுக்கா?

ஞாயித்துக்கிழமை தஞ்சாவூர் கூட்டத்துல, விண்டோஸுக்குப் பதிலா ஓசியில கிடைக்கிற லினக்ஸ் போட்ட லேப்டாப்பை ப்ரொஜெக்டர்ல செருகினாங்க, படம் வரலை. "ஓசியில கிடைச்சா அப்படித்தான்"னு ஒரு குரல், கூடவே மண்டபமே சிரிச்சது.

சிரிச்சவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அந்த லேப்டாப்ல படம் வரையிற சிப் ரெண்டு: இன்டெல், என்விடியா. உள்திரை இன்டெல் சிப்போட இணைஞ்சிருக்கு. ப்ரொஜெக்டர் கேபிளைச் செருகுற எச்டிஎம்ஐ போர்ட் என்விடியாவோட. பேட்டரி மிச்சம் பிடிக்க எந்தச் சிப் ஓடணும்னு சொல்ற பிரைம்-செலக்ட் கட்டளையில 'இன்டெல்'னு வச்சா என்விடியா அணைஞ்சே கிடக்கும், போர்ட்டும் செத்துக் கிடக்கும். மதகை அடைச்சுட்டு கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு ஆத்தைத் திட்டுவீங்களா?

அதை 'ஆன்-டிமாண்ட்'னு, அதாவது தேவைப்பட்டா என்விடியாவும் ஓடட்டும்னு மாத்தி ரீபூட் பண்ணியிருந்தா படம் வந்திருக்கும். இன்டெல் படத்தை வரைஞ்சு குடுக்கும், என்விடியா அதை வாங்கி வெளியே தள்ளும். ரிவர்ஸ் பிரைம்னு பேரு. என்விடியா சிப்பை இயக்குற மென்பொருளோட, அதாவது டிரைவரோட, 450ஆம் பதிப்புல, 2020லயே வந்தாச்சு. மெஷின் கொஞ்சம் சூடாகும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். அவ்வளவுதான்.

"விண்டோஸ்ல செருகினா வருதே?" வரும். டிரைவரைப் போட்டே விக்கிறாங்க, வராம என்ன செய்யும்? இங்க நாமளே போடணும். அங்கீகாரம் இல்லாத மென்பொருளைத் தடுக்கிற செக்யூர் பூட் இருந்தா டிரைவர் ஏத்தும்போது ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும். அடுத்த ரீபூட்ல நீலத்திரை வரும், அதுல டிரைவரோட சாவியைப் பதிவு பண்ற 'என்ரோல் எம்ஓகே'வைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் குடுக்கணும். பயந்துபோய் 'கன்டினியூ'வைத் தட்டினா டிரைவர் ஏறாது. சிப்போட நிலையைக் காட்டுற என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை ஓட்டிப் பாருங்க, டிரைவரோட பேச முடியலைன்னு அழும். அதுக்கும் திட்டு லினக்ஸுக்கு!

"சாதாரண ஆளுக்கு இதெல்லாம் எதுக்குத் தெரியணும்?" நியாயம்தான். ஆனா எந்த போர்ட் எந்தச் சிப்புக்குப் போகுதுன்னு அட்டைப்பெட்டியில ஒரு வரி அச்சடிக்காத கம்பெனிக்காரனை யாராவது கேட்டீங்களா? லினக்ஸோட சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் ஃபோல்டரைத் திறந்து, ஈடிபி (உள்திரை) எந்த கார்டுல, அதாவது எந்தச் சிப்புல, எச்டிஎம்ஐ எந்த கார்டுலன்னு நாமதான் தேடிப் பாக்கணும். சில மாடல்ல டைப்-சி போர்ட் இன்டெலோட இருக்கும். அதுல படத்தை வெளியே அனுப்புற டிஸ்ப்ளேபோர்ட் வசதியும் இருந்தா ஒரு அடாப்டர் போதும், என்விடியா தூங்கினாலும் படம் வரும்.

லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் 2012ல பின்லாந்துல மேடையில உக்காந்துகிட்டே என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினார். அவருக்குப் புரிஞ்சிருந்தது, யாரைத் திட்டணும்னு. இங்க திட்டு வாங்குறது, காசு வாங்காம உபுண்டுங்கிற லினக்ஸைப் போட்டுக் குடுக்கிறவன்.

பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு கும்பகோணத்துலேருந்தும் மன்னார்குடியிலேருந்தும் "அண்ணே, கொஞ்சம் பாத்துக் குடுங்க"ன்னு வந்தப்ப ஓசி இனிச்சுதுல்ல? அப்படி வாங்கிட்டுப் போனவங்களும் அந்தச் சிரிப்புல இருந்தீங்க. முகம் தெரிஞ்சுது.