மின் கட்டண உயர்வுக்குப் புகை வடிகட்டி காரணமா?

‘அனல் மின் நிலையங்களில் கந்தகப் புகையை வடிகட்டும் கருவி கட்டாயமாக்கப்பட்டதால்தான் தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வீட்டு மின் கட்டணம் உயர்ந்தது’ என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

அந்த 4.83 சதவீத உயர்வு, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில் பிறப்பித்த ஆணையின்படி வந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் மாத நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு அல்லது 6 சதவீதம், இவற்றில் குறைவானதைக் கட்டணத்தில் சேர்க்கலாம் என்கிறது அது. 2024 ஏப்ரலில் அக்குறியீட்டின் உயர்வு, அதாவது நாட்டின் சில்லறைப் பணவீக்கம், அதே 4.83 சதவீதம்தான். 2022 ஆணையும் 2024 ஜூலை உயர்வுக்கான ஆணையும் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன.

கந்தகப் புகை வரம்பு 2015 டிசம்பரிலேயே அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் அதற்கான கருவியைப் பொருத்தும் கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் மத்திய அரசு பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளித்துவிட்டது. கருவி பொருத்திய நிலையங்களின் மின்சாரத்துக்குச் சற்றுக் கூடுதல் விலை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மேற்சொன்ன உயர்வு அதிலிருந்து கணக்கிடப்பட்டதன்று.

இச்செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.