'வண்டின் பறத்தல்' வயலின் வேகப்போட்டிக்கு எழுதியதல்ல

வயலின் கலைஞர்களின் வேகத்தைச் சோதிக்கவே 'வண்டின் பறத்தல்' என்ற இசைத்துண்டு எழுதப்பட்டது என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அது ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் 'ஜார் சல்தானின் கதை' என்ற ஓபராவில் (பாடியே நடிக்கும் இசை நாடகம்), மூன்றாம் அங்கத்தில் வரும் சிறு பகுதி. 1900இல் மாஸ்கோவில் அரங்கேறியது. ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் கவிதைக் கதைதான் மூலம்.

பெரியம்மாக்களின் பொறாமையால் தாயோடு பீப்பாயில் அடைபட்டுக் கடலில் வீசப்பட்டவன் இளவரசன் குவிதோன். அப்பாவான மன்னர் சல்தானைப் பார்க்கத் துடிக்கும் அவனை அன்னப்பறவை வண்டாக மாற்றுகிறது. அவன் அப்பாவின் நாட்டுக்குப் போகும் கப்பலைத் துரத்திப் பறக்கிறான். வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் இடையே கைமாறும் அந்த ரீங்காரம் அவன் சிறகடிப்பு. போய்ச் சேர்ந்ததும் பெரியம்மாக்களைக் கொட்டுகிறான்!

இந்தப் பிள்ளையின் தவிப்பை மறந்து, வெறும் விரல் வித்தை என்று பரப்புவது வருத்தமாக இருக்கிறது. தனி வயலின், பியானோ வடிவங்கள் பிறகு வந்தவை.