அடிபட்ட நேரமும் ஊசி போட்ட நேரமும்

விபத்தில் அடிபட்டு இரத்தம் கொட்டும் ஒருவரை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தால், அவருக்கு டிரானெக்சாமிக் அமிலம் என்ற ஊசி மருந்து கொடுத்தார்களா என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. அடிபட்டு எத்தனையாவது நிமிடத்தில் கொடுத்தார்கள் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். கடும் இரத்தப்போக்கைப் பற்றி 2010 முதல் வெளிவந்த பெரிய ஆய்வுகளைப் படித்து, அத்தகைய நோயாளிகளுக்குத் தினமும் சிகிச்சை செய்தும் வருபவன் என்ற முறையில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இது. நான் பணியாற்றிய எந்த இடத்திலும் இந்தக் கேள்விக்கான விடையைத் தனியாக எழுதி வைக்கும் வழக்கம் இருந்ததில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மருந்து புதிதல்ல. ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ தம்பதியர் 1962இல் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஆராய்ச்சிக்குப் பணமில்லாத காலம் அது. இரத்தத்தை ஆராய்வதென்றால் செலவு குறைவு, போதாவிட்டால் தங்கள் இரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்பதும் அவர்கள் இந்தத் துறையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் என்று உடாகோ அம்மையார் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் அவர். பிரசவத்தின்போது இரத்தம் கொட்டி இறக்கும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க அங்கிருந்த மகப்பேறு மருத்துவர்கள் முன்வரவில்லை. மருந்து பல் பிடுங்கும்போதும், மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகும்போதும் மட்டும் பயன்பட்டுக்கொண்டு பல பத்தாண்டுகள் ஓரத்திலேயே கிடந்தது.

உடம்பில் காயம் பட்டால் இரத்தம் உறைந்து கட்டியாகி, ஃபைப்ரின் என்ற இழைகளால் ஆன வலை காயத்தை அடைக்கிறது. வேலை முடிந்ததும் அந்த வலையைக் கரைக்கப் பிளாஸ்மின் என்ற நொதியும் நம் உடம்பிலேயே உருவாகிறது. பெரிய விபத்துகளில் இந்தக் கரைக்கும் வேலை, கட்டி உறுதிப்படும் முன்பே மிதமிஞ்சித் தொடங்கிவிடுகிறது. அடைபட்ட இடமெல்லாம் மறுபடி திறந்துகொள்கிறது. பிளாஸ்மினாக மாற வேண்டிய பொருள் ஃபைப்ரினைப் பற்றிக்கொள்ளும் இடத்தில் டிரானெக்சாமிக் அமிலம் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கிறது. இது புதிதாக இரத்தத்தை உறைய வைப்பதில்லை. ஏற்கெனவே உறைந்தது கரையாமல் பார்த்துக்கொள்கிறது. ஆகவே கரைப்பு முற்றிய பிறகு இதைக் கொடுத்துப் பெரிய பயன் இராது என்பதை மருந்தின் செயல்பாட்டை வைத்தே ஒருவர் ஊகித்திருக்க முடியும். ஆனால் மருத்துவத்தில் ஊகத்தை நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியாதே.

லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இயன் ராபர்ட்ஸ், ஹலீமா ஷகூர் ஆகியோர் நடத்திய கிராஷ்-2 ஆய்வு அந்த ஊகத்தைச் சோதித்துப் பார்த்தது. 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 நோயாளிகள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது போகிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. 2010இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தபோது, மருந்து பெறாதவர்களில் 16.0 சதவீதமும் பெற்றவர்களில் 14.5 சதவீதமும் இறந்திருந்தார்கள். ஒன்றரை சதவீதம்தானா என்று தோன்றலாம். அந்த மருந்தின் விலையையும் உலகெங்கும் விபத்தில் இறப்போரின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய செய்தி என்பது விளங்கும். மாரடைப்போ பக்கவாதமோ கூடிவிடும் என்ற அச்சமும் அந்த ஆய்வில் மெய்ப்படவில்லை. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இதை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்த ஆய்வில் எல்லா நாடுகளையும்விட அதிக நோயாளிகளைச் சேர்த்த நாடு இந்தியா என்பதை நம் மருத்துவ மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2011இல் அதே தரவுகளை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்த கட்டுரையை நான் இன்னும் முக்கியமானதாகக் கருதுகிறேன். அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் இரத்தப்போக்கால் இறந்தவர்கள் 5.3 சதவீதம், பெறாதவர்களில் 7.7 சதவீதம். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் 4.8, 6.1. மூன்று மணி நேரம் கடந்த பிறகு கணக்கு தலைகீழாக மாறுகிறது: மருந்து பெற்றவர்களில் 4.4 சதவீதம், பெறாதவர்களில் 3.1 சதவீதம். அதாவது காலம் கடந்து கொடுத்தால் அதே மருந்து தீங்காகவும் முடியலாம். பிறகு 2017இல், 20,060 பெண்களிடம் நடந்த உமன் ஆய்வு, பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கிலும் இதே நேரக் கணக்கைக் காட்டியது. தம் கண்டுபிடிப்பு தாய்மார்களைக் காப்பாற்றுகிறது என்ற முடிவைப் பார்க்க உடாகோ அம்மையார் உயிரோடு இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். இரு ஆய்வுகளையும் இணைத்து 40,138 பேரின் தரவை அலசி 2018இல் வெளியான கட்டுரை, ஒவ்வொரு பதினைந்து நிமிடத் தாமதத்துக்கும் மருந்தின் பயன் ஏறக்குறைய பத்து சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டது.

எதிர்ப்புகளும் இருந்தன. கிராஷ்-2 நடந்தவை பெரும்பாலும் ஏழை நாட்டு மருத்துவமனைகள், இரத்தமும் பிளாஸ்மாவும் உடனுக்குடன் கிடைக்கும் இடங்களில் இம்மருந்துக்கு வேலையிருக்காது என்று வளர்ந்த நாட்டு வல்லுநர்கள் பலர் வாதிட்டார்கள். அது நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளில், மருத்துவமனையை அடையும் முன்பே மருந்தைக் கொடுத்துப் பார்த்த பேட்ச் ஆய்வு 2023இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பெரிய ஊனமின்றி வாழ்வோரின் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே: 53.7, 53.5. இதை வைத்து மருந்து பயனற்றது என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் 28ஆம் நாளில் இறந்திருந்தவர்கள் மருந்துப் பிரிவில் 17.3 சதவீதம், மற்றதில் 21.8 சதவீதம். பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் கடும் ஊனத்துடன் பிழைத்தார்கள். அவர்களையும் இறந்தவர்களையும் ஒரே கட்டத்தில் போட்டு எண்ணும் அளவுகோலை என்னால் ஏற்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் வீடு திரும்பும் தகப்பனுக்கும் திரும்பாத தகப்பனுக்கும் அந்த வீட்டில் உள்ளவர்கள் வேறுபாடு காண்பார்கள். அதே நேரம், அந்த ஊனம் எவ்வளவு, அதற்குப் பிந்தைய மறுவாழ்வுச் சிகிச்சைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளை இந்த ஆய்வு எழுப்பியது நல்லதே.

எல்லா இரத்தப்போக்குக்கும் இது மருந்தாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயிறு, குடல் இரத்தக் கசிவுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஹால்ட்-இட் ஆய்வு 12,009 பேரிடம் நடந்து, 2020இல் பயனில்லை என்று முடிந்தது. சிரைகளில் இரத்தம் உறைவதும் வலிப்பும் மருந்துப் பிரிவில் கூடுதலாகவே இருந்தன.

விலையுயர்ந்தவை எல்லாம் உயிர் காப்பவை என்ற நம்பிக்கையையும் இந்தத் துறை பலமுறை உடைத்திருக்கிறது. இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளுக்காக உருவான, உறைதலுக்கு உதவும் ஏழாம் காரணி மருந்தை, ஒரு டோஸே பல ஆயிரம் டாலர் என்ற நிலையிலும், ஈராக் போரில் அமெரிக்க ராணுவம் காயம்பட்டவர்களுக்குக் கொடுத்தது. 2010இல் வெளிவந்த ஆய்வில் அது இறப்பைக் குறைக்கவில்லை. பெருந்தமனிக்குள் பலூனை ஏற்றி இரத்த ஓட்டத்தை அடைக்கும் முறையைப் பிரிட்டனில் 90 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, பலூன் வைக்கப்பட்ட பிரிவில் மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள் 54 சதவீதம், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 42 சதவீதம். பலூன் வைக்கச் செலவான நேரமும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி நம் வார்டுக்கு வருகிறேன். இரவு நேரத்தில் ஒரு விபத்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கத்தரிக்கோலால் சட்டையையும் பேன்ட்டையும் வெட்டி எடுக்கிறார். ஒருவர் தொடைக் காயத்தில் துணிச்சுருளை வைத்து முழுப் பலத்தோடு அழுத்திப் பிடித்திருக்கிறார். சுருங்கிப்போன நரம்பைத் தேடித் தேடிச் செவிலியர் கையில் ஊசி ஏற்றுகிறார். ஐந்து மில்லி ஆம்பூல் இரண்டின் கழுத்தை உடைத்து, நூறு மில்லி உப்புநீரில் கலந்து, பத்து நிமிடத்தில் ஏற்ற வேண்டும். ஒரு கிராம். இதற்கு ஸ்கேன் தேவையில்லை, நிபுணர் வந்து சேர வேண்டியதும் இல்லை. ஆனால் வயிற்றுக்குள் இரத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம், மேல் மருத்துவமனைக்கு அனுப்புகிறோமே அங்கே கொடுப்பார்கள் என்று நாமே தள்ளிப்போடுகிறோம். அங்கே போனதும், கீழே கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பயணத்தில் ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது.

அடிபட்ட நேரம் விபத்துப் பதிவேட்டில் இருக்கிறது, ஏனென்றால் காவல் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் அது தேவை. ஊசி போட்ட நேரம் செவிலியரின் சிகிச்சைத் தாளில் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கழித்துப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. நான் கேட்பது இதுதான்: ஆம்புலன்ஸ் ஊழியரின் குறிப்பிலும், மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதத்திலும், வார்டுத் தாளிலும் அடிபட்ட நேரம், முதல் டோஸ் போன நேரம் என்று இரண்டு கட்டங்கள் இருக்க வேண்டும், மாதக் கூட்டத்தில் இறப்பு எண்ணிக்கையோடு இந்த இடைவெளியையும் படிக்க வேண்டும். மூன்று மணி நேரம் கடந்து வருபவருக்குக் கொடுக்காமல் விடவும் அதே கட்டங்கள்தான் உதவும்.

நரம்பு கிடைக்கவில்லை என்ற தடைக்கும் வழி தெரிகிறது. 2021இல் பிரிட்டனில் விபத்து நோயாளிகள் 30 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில், இதே மருந்தைத் தசையில் ஊசியாகப் போட்டபோது நான்கே நிமிடத்தில் இரத்தத்தில் போதிய அளவு சேர்ந்திருந்தது. அது உயிர் காக்கும் என்பதற்கான நிரூபணம் ஆகாது. மருந்து போய்ச் சேருகிறது என்பதற்கான சான்று மட்டுமே. ஆனாலும் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக இருக்கும் ஒரு செவிலியரால், மேல் மருத்துவமனைக்கு வண்டி கிளம்பும் முன்பே தொடையில் அந்த ஊசியைப் போட முடியுமா, போட்டால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்பதைக் கிராஷ்-2க்கு அத்தனை நோயாளிகளைத் தந்த நம் நாடே முன்னின்று ஆராய வேண்டும். அதற்கு நிதி கேட்கும் விண்ணப்பத்தில் முதலில் கேட்கப்படுவது, இப்போது உங்களிடம் சராசரியாக எத்தனை நிமிடம் ஆகிறது என்பதாகத்தான் இருக்கும்.