பப்ளி என்றால் கலகலப்பாம்

நேற்று நான் பட்டுப்புடவையில் போட்ட போட்டோவுக்குக் கீழே, கமெண்டுகளில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள், திரும்ப முழுக்கச் சொல்லப் போவதில்லை. 'செம பப்ளி' என்று ஒருவர் போட்டார். பிடிக்கவில்லை அண்ணா என்றேன். உடனே ஆங்கில அகராதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். உற்சாகமான, கலகலப்பான என்று பொருளாம். 'இங்கிலீஷ் தெரியாம சண்டை போடாதீங்க சிஸ்டர்' என்று பின்னாலேயே ஒரு தம்பி.

எனக்கும் தெரியும் தம்பி. பபுள் என்றால் குமிழி. சோடா மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று கிளம்புகிறதே, அதுதான். அப்படிப் பொங்குகிற சுபாவக்காரர்களை வெள்ளைக்காரர்கள் பப்ளி என்கிறார்கள், ஷாம்பெயினுக்கே அது செல்லப்பெயர். எல்லாம் சரி. ஆனால் அந்த அண்ணன் லண்டனில் இருந்துகொண்டு அந்தக் கமெண்டைப் போடவில்லையே. நம்ம ஊரில் பப்ளி என்றால் குண்டு. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், லைக் போட்ட அத்தனை பேருக்கும் தெரியும்.

இல்லை என்பவர்கள் சினிமாச் செய்திகளைப் பாருங்கள். 'பப்ளியாக இருந்த நடிகை டயட் இருந்து ஸ்லிம்மாகிவிட்டார், ரசிகர்கள் அதிர்ச்சி.' கலகலப்பு டயட்டில் குறையுமா? ராத்திரி சப்பாத்தி சாப்பிட்டால் உற்சாகம் இரண்டு கிலோ இறங்குமா? (எந்த நடிகை என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன் என்று ஆகிவிடும்.)

என் அக்கா ஒல்லிக்குச்சி. அவள் வீட்டில் இருந்தால் தெருமுனை வரை சத்தம் கேட்கும். அவளை வாயாடி என்பார்கள், வாலு என்பார்கள், இன்றுவரை ஒருவர்கூட பப்ளி என்றதில்லை. நான் கல்யாண வீட்டில் தலைவலியோடு மூலையில் உட்கார்ந்து யாரிடமும் பேசாமல் இருந்தாலும் பப்ளிதான்.

நம்முடைய பப்ளி அந்த ஆங்கில பப்ளியே இல்லை என்பது என் கணிப்பு. இது பப்ளிமாஸின் பேத்தி. பப்ளிமாஸ் என்கிற பம்பளிமாஸ் தெரியுமல்லவா, எலுமிச்சை, நாரத்தை சாதியிலேயே பெரிய பழம், ஒன்றே ஒரு கிலோவுக்கு மேல் நிற்கும். டச்சுக்காரர்கள் பொம்பெல்மூஸ் என்கிறார்கள், யார் யாரிடம் கடன் வாங்கியது என்று ஆராய்ச்சியாளர்கள் அடித்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்தது ஆறாம் வகுப்பு. விளையாட்டுப் பீரியடில் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போனேன். சார் என் பெயரை எழுதாமல், 'பப்ளிமாஸும் ஓடுதாம்டா' என்று பையன்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். அந்தப் பழத்தை நான் அதுவரை சாப்பிட்டதுகூட இல்லை. பன்னிரண்டாவது முடிக்கிற வரை அதுதான் என் பெயர். அப்புறம் காலேஜ் போனதும் 'மாஸ்' உதிர்ந்து பப்ளி மட்டும் நின்றது, கொஞ்சம் நாகரிகமாக. அவ்வளவுதான் வித்தியாசம்.

'மொழி மாறும்தானே, நீங்கள் மட்டும் ஏன் இவ்வளவு டென்ஷன்' என்று கேட்பீர்கள். மாறும், நன்றாக மாறட்டும். மாறிவிட்டது என்றுதானே நானும் தொண்டை கிழியச் சொல்கிறேன்! பழைய தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். அதற்காகக் கல்யாணத்துக்கு மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்த சித்தியிடம் போய் 'நல்லா நாறுறீங்க சித்தி' என்று சொல்லிவிட்டு, சித்தி முறைத்தால் சங்க இலக்கியத்தை நீட்டுவீர்களா? சொல்லும்போது ஊர் அர்த்தம், மாட்டிக்கொண்டால் அகராதி அர்த்தம். இது எந்த ஊர் நியாயம்?

'நேராகக் குண்டு என்று சொன்னால் மட்டும் சும்மா இருப்பீர்களா?' இருக்க மாட்டேன்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குண்டு என்கிறவர் கையில் வைத்திருப்பது கல் என்று அவருக்கும் தெரியும். பப்ளி என்கிறவர் கல்லை எறிந்துவிட்டு, பூதானே போட்டேன், நன்றி சொல்ல மாட்டாயா என்கிறார். அதுதான் தாங்கவில்லை.

தொப்பை வைத்த எந்த ஆம்பளையையும் யாரும் பப்ளி என்று கொஞ்சி நான் பார்த்ததில்லை. அவர்கள் 'வாட்டசாட்டம்'. போகட்டும், அதைத் தொடங்கினால் இன்னொரு பதிவு ஆகும்.

'காம்ப்ளிமென்ட்டை எடுத்துக்கத் தெரியலை' என்று இன்பாக்ஸில் வந்தவர்களுக்கு ஒன்று. அந்தப் போட்டோவில் நான் கட்டியிருந்தது அம்மாவின் அரக்குப் பட்டு. ரவிக்கை இரண்டு முறை பிரித்துத் தைத்தது. குரூப் போட்டோவில் எப்போதும் யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கிற நான், அன்றைக்கு முதல் வரிசையில் நின்றேன். நன்றாக இருக்கிறேன் என்று எனக்கே தோன்றித்தான் போட்டேன். நாலாவது கமெண்டே அந்த 'செம பப்ளி'.

போட்டோவை நீக்கிவிட்டேன் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நீக்கவில்லை. நண்பர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி மாற்றியிருக்கிறேன். அந்தக் கமெண்டும் அங்கேயேதான் இருக்கிறது, அண்ணன் வந்து அழிக்கட்டும்.