மெத்தையும் செத்தையும்

கடந்த வாரம் ஒரு திருமண வீட்டில் பெரியவர் ஒருவர் தன் மருமகனைப் பற்றிச் சலித்துக்கொண்டிருந்தார். முடிவில், "அட்டையைத் தூக்கி மெத்தையில் வைத்தாலும் அது செத்தையைத்தான் நாடும்" என்றார். பிறவிக் குணம் மாறாது என்பது அவர் கட்சி. மருமகனை எனக்குத் தெரியாது. அட்டைக்காக மட்டும் வாதாடலாம் என்று தோன்றியது.

ஐரோப்பிய மருத்துவ அட்டையின் உடலில் 32 கண்டங்கள், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த உடற்பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நரம்புத்திரள். பெரும்பாலானவற்றில் சுமார் 400 நரம்புச் செல்கள். கண்டத்துக்குக் கண்டம் ஏறக்குறைய அதே செல்கள் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பதால், பலவற்றைப் பெயர் சொல்லியே கூப்பிடலாம். நரம்பியலாளர்கள் இந்த உயிரைப் பிடித்துக்கொண்டு விடாததற்குக் காரணம் இதுதான். (மனிதன் அட்டையிடம் ஒட்டிக்கொண்ட அபூர்வம்!)

1978இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் டேவிட் வைஸ்பிளாட், குந்தர் ஸ்டென்ட் குழுவினர் ஹெலோப்டெல்லா என்ற சிறிய அட்டையின் கருச்செல்லுக்குள் அடையாளக்குறி போல ஒரு நொதியைச் செலுத்தி, அதன் சந்ததிச் செல்கள் எங்கெங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்த்தார்கள். எந்தத் தாய்ச்செல்லின் வழியில் வந்தால் எங்கே போகும் என்பது பெருமளவு முன்கூட்டியே தீர்மானமாகியிருந்தது. பிறப்புதான் தொழிலை முடிவு செய்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டால் மகிழ்ச்சியாக இருக்கலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நரம்புத்திரளில் ரெட்சியஸ் செல் என்று ஒரு பெரிய ஜோடி உண்டு. அவற்றின் இழைகள் உடற்சுவருக்குப் போகும். இனப்பெருக்க உறுப்புகள் இருக்கும் 5, 6ஆம் கண்டங்களில் மட்டும் அந்த உறுப்புகளுக்குப் போகும். செல்லின் வடிவமும் வேறாகிவிடும். தொடக்கத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் வளர்கின்றன. உறுப்பைத் தொட்ட பிறகுதான் வழி பிரிகிறது. 1987இல் கருவிலேயே அந்த உறுப்புகளின் மூலத்தை அகற்றிப் பார்த்தார்கள். 5, 6ஆம் கண்டத்துச் செல்களும் மற்றவை போலவே வளர்ந்தன. எதைத் தொட்டதோ, அதற்கேற்ற ஆளாக ஆகியிருக்கிறது. பெரியவரின் மெத்தை இங்கே வேலை செய்திருக்கிறது!

அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏபி என்று பெயரிட்ட செல், வளரும்போது அடுத்த கண்டத்துக்கும் இழையை நீட்டிப் பார்க்கும். அங்கே தன்னைப் போன்ற இன்னொரு ஏபி இருந்தால் நீட்டியதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அந்த அண்டை வீட்டுச் செல்லை முன்பே அழித்துவிட்டால் இழை திரும்புவதில்லை. அதன் பகுதிக்குள்ளும் பரவிவிடுகிறது. பக்கத்து மனையில் ஆள் இல்லை என்று தெரிந்ததும் இரவோடு இரவாக வேலி நகர்வதை நம் ஊரில் பார்த்திருக்கிறோமே, அப்படித்தான்.

நரம்பை வீட்டு மின்கம்பி போல வரைந்து காட்டும் பாடநூல் படங்கள் மீது எனக்குக் கோபமே உண்டு. எந்தக் கம்பி அண்டை வீட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது?

இதையெல்லாம் பெரியவரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, இரத்தம் குடிப்பதை விட்டுவிட்டதா?" என்றார். ஹெலோப்டெல்லா மனித இரத்தத்தைத் தொடுவதே இல்லை ஐயா, அதற்கு நத்தைதான் சாப்பாடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பந்திக்கு அழைத்துவிட்டார்கள்.