பட்டறை வெங்காயமும் பேட்டரி கரண்டும்

எங்கள் ஊர்ப்பக்கம் சின்ன வெங்காயம் பிடுங்கும் நேரத்தில் விலை படுத்துக்கிடந்தால், காசு அவசரம் இல்லாதவர்கள் மூட்டை பிடிக்க மாட்டார்கள். காற்று புகும்படி மேடை கட்டி, தாளோடு அடுக்கி, மேலே கூரை வேய்ந்து பட்டறை போட்டுவிடுவார்கள். நாலு மாதம் கழித்து விலை ஏறினால் லாபம். இடையில் காயும், கொஞ்சம் அழுகும், எடை குறையும். அதையெல்லாம் கழித்துத்தான் கணக்கு. பட்டறை போட்டவர் மனசுக்குள் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: பக்கத்து ஊர்களில் யாரும் பட்டறை போட்டிருக்கக் கூடாது.

போன வாரம் நண்பர் ஒருவர், பேட்டரி விலை இவ்வளவு இறங்கிவிட்டதே, இனி பகலில் சோலார் கரண்டை மலிவாக வாங்கி ராத்திரி விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று பதிவு போட்டிருந்தார். கமெண்ட்டில் இரண்டு வரி எழுதப் போனேன், நீண்டுவிட்டது. அதனால் இங்கே.

முதலில் அவர் சொன்ன கணக்கையே போட்டுப் பார்ப்போம். மின்சாரச் சந்தையில் மதியம் யூனிட் 2 ரூபாய், மாலை ஏழரைக்கு 8 ரூபாய் என்று வையுங்கள். 100 யூனிட் வாங்கினால் 200 ரூபாய். ஏற்றி இறக்குவதில் 15 யூனிட் சூடாகப் போய்விடும். மீதி 85 யூனிட்டை விற்றால் 680. கையில் 480. அழுகல் கழிவு இங்கேயும் உண்டு, அவ்வளவுதான். ஒரு தடவை ஏற்றி இறக்குவது ஒரு சுழற்சி. வருடத்துக்கு எத்தனை சுழற்சி கிடைக்கும் என்பதுதான் கேள்வியே. ஒரு யூனிட் கொள்ளளவு உள்ள பேட்டரிக்கு, பேச்சுக்கு, பத்தாயிரம் ரூபாய் என்போம். வருடத்துக்கு 300 தடவை வீதம் 15 வருடம் ஓடினால் ஒரு தடவைக்கு 2 ரூபாய் 22 காசு விழும். அதே பேட்டரி வருடத்துக்கு ஒரே ஒரு தடவை ஓடினால்? ஒரு யூனிட்டுக்கு 666 ரூபாய். ஆடிக் காற்றைப் பிடித்துவைத்துப் பொங்கலுக்குத் தருகிறேன் என்று யாராவது பேட்டரியோடு வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

(நம்மூர் மில்காரர்களுக்கு அந்த வசதி வேறு வழியில் இருந்தது. காற்று சீசனில் தங்கள் காற்றாலையில் வந்த கரண்டை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, அந்த நிதியாண்டுக்குள் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் ஒரு பட்டறை. எடைக் குறைவில் பெரும்பங்கு வாரியத்தின் தலையில். புதிய காற்றாலைகளுக்கு அந்தச் சலுகையைப் பிறகு சுருக்கினார்கள், அது வேறு கதை.)

சரி, நிஜத்தில் என்ன நடந்தது என்று பார்க்கத் தென் ஆஸ்திரேலியாதான் நல்ல இடம். அங்கே 2016 மே மாதம் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடினார்கள். செப்டம்பர் 28 அன்று புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து மாநிலமே இருட்டில் மூழ்கியது. அரசியல் சண்டை முற்றிக் கிடந்த நேரத்தில், 2017 மார்ச்சில், ஒப்பந்தம் போட்டு நூறு நாளில் பேட்டரி வைத்துத் தருகிறேன், முடியாவிட்டால் இலவசம் என்று ஈலான் மஸ்க் ட்விட்டரில் சவால் விட்டார். சொன்னபடி ஜேம்ஸ்டவுன் ஊருக்குப் பக்கத்தில், ஹார்ன்ஸ்டேல் காற்றாலைகளை ஒட்டி, டிசம்பர் 1 அன்று அது ஓட ஆரம்பித்தது. 100 மெகாவாட். முழு வேகத்தில் விட்டால் ஒன்றேகால் மணி நேரத்தில் காலி. கட்டியது டெஸ்லா, சொந்தக்காரர் நியோயன் என்ற பிரெஞ்சு நிறுவனம்.

இந்தச் சின்னப் பெட்டிக்கு எங்கிருந்து வருமானம் வந்தது? பகலில் வாங்கி ராத்திரி விற்றதில்தான் பெரும்பகுதி என்று நினைத்தால் தப்பு. பெரிய காசு, அலைவெண்ணைப் பிடித்து நிறுத்தியதில் வந்தது. மின்கட்டத்தில் கரண்ட் நொடிக்கு 50 தடவை (50 ஹெர்ட்ஸ்) துடிக்க வேண்டும், அதுதான் அலைவெண். எங்கோ ஒரு நிலையம் திடீரென்று நின்றுபோனால் துடிப்பு இறங்கும், உடனே யாராவது கை கொடுக்க வேண்டும். அப்படிக் கை கொடுக்கத் தயாராக நிற்பதற்கு அங்கே தனிச் சந்தை உண்டு. பக்கத்து மாநிலத்தோடு இணைக்கும் கம்பிக்கு ஆபத்து என்றால், 35 மெகாவாட் அளவுக்கு அந்தச் சேவையை மாநிலத்துக்குள்ளேயே வாங்கியாக வேண்டும் என்று விதி இருந்தது. விற்க இருந்ததோ நாலைந்து எரிவாயு நிலையங்கள். போட்டி இல்லாத சந்தையில் விலை எப்படி இருக்கும்? மெகாவாட்டுக்குப் பல ஆயிரம் டாலர் வரை ஏறியது. பேட்டரி வந்து உட்கார்ந்ததும் அந்தச் சிகரம் சரிந்தது. முதல் வருடத்தில் சந்தைக்கு மிச்சமான பணம் சுமார் 4 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று அவுரகான் என்ற பொறியியல் ஆலோசனை நிறுவனம் கணக்கிட்டது. பேட்டரியைக் கட்ட ஆன மொத்தச் செலவே சுமார் 9 கோடிதான்.

அந்த 4 கோடி யார் பையில் போனது? கட்டணம் கட்டுகிறவர்கள் பையில். பேட்டரிக்காரர் பையில் வந்தது, தான் அடித்து இறக்கிய விலைக்குக் கிடைத்த மிச்சம். என் பார்வையில் சேமிப்பின் பொருளாதாரத்தில் கவனிக்க வேண்டிய ஒரே முடிச்சு இதுதான். நிலக்கரி நிலையம் விலை என்கிற மலையின் மேல் உட்கார்ந்து சம்பாதிக்கிறது. பேட்டரி அந்த மலையை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிக் கூலி வாங்குகிறது. வேலையை நன்றாகச் செய்தால் வேலையே இல்லாமல் போகும். முதலில் வந்தவனுக்குச் சதை, பத்தாவதாக வந்தவனுக்கு எலும்பு.

அங்கே அப்படித்தான் ஆயிற்று. அலைவெண் சேவைக்குத் தேவையே சில நூறு மெகாவாட். பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் 300 மெகாவாட், தென் ஆஸ்திரேலியாவின் டாரன்ஸ் தீவில் 250 மெகாவாட் என்று பேட்டரிகள் வரிசையாக வந்ததும் அந்தக் குளம் நிரம்பிவிட்டது. இப்போது அங்குள்ள பேட்டரிகள் பெரும்பாலும் மதியம் வாங்கி மாலையில் விற்றுத்தான் பிழைக்கின்றன. டெக்சாஸிலும் இதே கதை. 2023 கோடை வெயிலில் அள்ளிய பேட்டரிகள், அடுத்த வருடம் கூட்டம் சேர்ந்து வெயிலும் கொஞ்சம் தணிந்ததும் வருமானம் விழுந்து விழித்தன.

இன்னொரு வேடிக்கை. 2017 டிசம்பர் 14 அதிகாலையில், கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, விக்டோரியாவின் லாய் யாங் நிலக்கரி நிலையத்தில் 560 மெகாவாட் தந்துகொண்டிருந்த இயந்திரம் ஒன்று திடீரென்று நின்றுபோனது. ஹார்ன்ஸ்டேல் பேட்டரி நொடிக்கும் குறைவான நேரத்தில் கரண்டைத் தள்ள ஆரம்பித்தது. உலகமே பாராட்டியது. ஆனால் அந்த வேகத்துக்குத் தனிக்காசு கிடையாது. அன்றைய சந்தையில் மிக வேகமான சரக்கே ஆறு நொடிக்குள் கை கொடுக்கும் சேவைதான். ஒரு நொடிக்குள் வருகிறவனுக்கென்று தனிச் சந்தை திறந்தது 2023 அக்டோபரில். நேர்மாறாகவும் நடந்தது. 2019-ல் சில மாதங்கள், தர முடியாத சேவையைத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியதற்காக இதே ஹார்ன்ஸ்டேல் நிறுவனத்துக்கு 2022-ல் நீதிமன்றம் 9 லட்சம் டாலர் அபராதம் போட்டது. விதியில் எழுதியதற்குத்தான் காசு. எழுதாமல் விட்டது தர்மக்கணக்கு.

விதி எவ்வளவு நுணுக்கமாகக் கழுத்தைப் பிடிக்கும் என்பதற்கு அரைமணிக் கணக்கு ஓர் உதாரணம். ஆஸ்திரேலியாவில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை யார் ஓட வேண்டும் என்று முடிவாகும். பணம் கொடுப்பது மட்டும் 2021 வரை அரைமணிக்கு, அதாவது ஐந்து நிமிடத் துண்டுகள் ஆறின் சராசரியில். முதல் ஐந்து நிமிடம் விலை 14,200 டாலர், மீதி ஐந்திலும் 60 டாலர் என்றால் சராசரி 2,416. சரியான அந்த ஐந்து நிமிடத்தில் பாய்ந்து உதவிய பேட்டரிக்கும் 2,416. நெருக்கடி முடிந்து பதினைந்து நிமிடம் கழித்து ஆடி அசைந்து வந்த எரிவாயு இயந்திரத்துக்கும் அதே 2,416. இதை மாற்றச் சொல்லி 2015-ல் மனுப் போட்டது பேட்டரி நிறுவனம்கூட இல்லை, கரண்டை ஏகத்துக்கும் குடிக்கும் ஒரு துத்தநாக ஆலை. மாற்றம் நடைமுறைக்கு வர 2021 அக்டோபர் 1 ஆகிவிட்டது.

ஜெர்மனியில் நடந்தது இதைவிடக் கசப்பு. நீரேற்று நிலையங்கள் அங்கே பல பத்தாண்டுகளாக ராத்திரி மலிவு கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி, மதிய உச்சத்தில் இறக்கிச் சம்பாதித்தன. கூரையெல்லாம் சோலார் வந்ததும் மதிய உச்சமே காணாமல் போனது. அட்டோர்ஃப் என்ற 1,400 மெகாவாட் திட்டத்தை 2017-ல் கைவிட்டார்கள். அனுமதி இழுபறியும் ஒரு காரணம்தான். ஆனாலும் சேமிப்பு தேவை என்று நாடே பேசிக்கொண்டிருந்தபோது சேமிப்புத் திட்டம் செத்தது. நம்ம ஆனைமலையில் 1980-களின் கடைசியில் வந்த காடம்பாறை நீரேற்று நிலையம், நாலு இயந்திரம், 400 மெகாவாட், வாரியத்தின் சொத்தாக இருந்ததால் இந்த விலை ஆட்டத்தில் நேரடியாகச் சிக்கவில்லை.

அப்படியானால் சந்தையை விட்டுவிட்டு அரசே வாடகை கொடுத்துவிடலாமா? இந்தியா அந்த வழியில் போகிறது. ஏலம் விடுகிறார்கள், மெகாவாட்டுக்கு மாத வாடகை குறைவாகக் கேட்பவருக்கு வேலை. 2022-ல் மத்திய அரசின் சோலார் எனர்ஜி கார்ப்பரேஷன் நடத்திய ஏலத்தில் சுமார் 10.8 லட்சமாக இருந்த வாடகை, 2024 கடைசியில் சில மாநில ஏலங்களில் 2.2 லட்சத்துக்குப் பக்கம் வந்துவிட்டது. சுழற்சி எண்ணிக்கை, மானியம் எல்லாம் வேறு வேறு, நேராக ஒப்பிட முடியாது. இருந்தாலும் சரிவு சரிவுதான். செய்தித்தாளில் எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்கு இதில் ஒரு நெருடல். வாடகை நிச்சயம் என்றால் பேட்டரிக்காரருக்கு விலையைப் பார்க்கும் அவசியமே இல்லை. பேட்டரி தயாராக இருந்தால் போதும், மாதம் பிறந்தால் பணம். எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்ற முடிவு விநியோக நிறுவனத்தின் கையில். அவர்கள் தப்பான நேரத்தில் இறக்கினாலும் யாருடைய சம்பளமும் குறையாது, நஷ்டம் அடுத்த கட்டண உயர்வில் கரைந்துவிடும். போதாததற்கு நம் மின்சந்தையில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று உச்சவரம்பு. 2022 மார்ச்சில் விலை 20 ரூபாயைத் தொட்டதும் முதலில் 12, அப்புறம் 10 என்று இறக்கினார்கள். காரணம் புரிகிறது, வாங்குவது கடனில் மூழ்கிய விநியோக நிறுவனங்கள். ஆனால் பஞ்சம் எவ்வளவு கடுமை என்று சொல்ல வேண்டிய விலைக்கு வாயைக் கட்டிவிட்டால், பேட்டரியை எங்கே எத்தனை வைக்க வேண்டும் என்று யார் சொல்வது?

ஆஸ்திரேலியா 2023-லிருந்து பெரிதாகச் செய்வது நடுவழி. பேட்டரிக்காரர் சந்தையில் தானே விற்க வேண்டும். வருட வருமானம் பேசிய தரையைவிடக் கீழே போனால் பள்ளத்தின் பெரும்பகுதியை அரசு நிரப்பும், பேசிய கூரையைத் தாண்டினால் மிச்சத்தில் அரசுக்கும் பங்கு. பேட்டரி வருமானம் மழை மாதிரி. 2020 ஜனவரி கடைசியில் புயலில் கோபுரங்கள் விழுந்து தென் ஆஸ்திரேலியா இரண்டு வாரத்துக்கு மேல் துண்டாகிக் கிடந்தபோது ஹார்ன்ஸ்டேலுக்குக் கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களை நம்பி எந்த வங்கியும் கடன் தராது. தரை இருந்தால் தரும். தரைக்கும் கூரைக்கும் நடுவே விலையைப் பார்த்து ஓடும் பசியும் மிச்சம் இருக்கும். தரையை உயரமாகப் போட்டுவிட்டால் அதுவும் வாடகையாகவே முடியும் என்பது அதன் பலவீனம். ஆனாலும் நம்மூர் ஏலங்களில் ஒன்றிரண்டையாவது இப்படி விட்டுப் பார்க்கலாம் என்பேன்.

கோவை, திருப்பூர்ப் பக்கம் மில்களில் மின்சாரக் கணக்குப் பார்க்கிற நண்பர்கள் இதைப் படித்தால் ஒரு கேள்வி. மாலை உச்ச நேரத்துக்கு வாரியம் கூடுதலாகப் போடும் 25 விழுக்காட்டைத் தவிர்க்க, மில்லுக்குள்ளேயே பேட்டரி வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? வருடத்துக்கு எத்தனை சுழற்சி என்று எடுத்துக்கொண்டீர்கள்? கமெண்ட்டில் எழுதுங்கள்.

எங்கள் பெரியப்பா இந்த வருடம் பட்டறை போடவில்லை. பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் எண்ணிப் பார்த்தாராம்.