காகத்தை எண்ண ஆள் வேண்டும்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பறவைக் குழுவின் கைப்பேசி ஓயாது. "தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன், என்ன செய்யலாம்?" என்று கேட்டு வரும் செய்திகளைப் பார்க்க மகிழ்ச்சிதான். ஆனால் பெரும்பாலோர் கேட்பது மரம் நடும் வேலை. அதற்கு அடுத்தபடியாகக் குளத்துக் குப்பை பொறுக்கும் வேலை. மிச்சப் பேர், எந்த இடத்தில் எந்த அரிய பறவை வந்திருக்கிறது, படம் எடுக்கலாமா என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வந்து, ஊர்க் குளத்தில் எத்தனை காகம் இருக்கிறது என்று எண்ணித் தருகிறேன் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. எனக்கு வேண்டியவர் அவர்தான்.

கேலி செய்யவில்லை. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. பொங்கல் விடுமுறையில், அவரவர் ஊரில், வீட்டு மொட்டை மாடியிலோ வயலிலோ குளக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களின் பட்டியலைப் பார்த்தால் மீன்கொத்தி இருக்கும், பஞ்சுருட்டான் இருக்கும், கூழைக்கடா கட்டாயம் இருக்கும். காகம் இருக்காது. மைனா இருக்காது. கேட்டால், "அது எல்லா இடத்திலும் இருக்கிறதே, அதைப் போய் எழுதுவார்களா?" என்பார்கள்.

எழுத வேண்டும். பட்டியலை ஏற்றும்போது கடைசியில் அந்தத் தளம் ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் கண்ட பறவைகள் அனைத்தையும் பதிந்துவிட்டீர்களா? காகத்தை விட்டுவிட்டு "ஆம்" என்று அழுத்தினால், அன்று அந்த இடத்தில் காகமே கண்ணில் படவில்லை என்றுதான் கணக்கு எடுத்துக்கொள்ளும். "இல்லை" என்று அழுத்தினால் அந்தப் பட்டியல், எந்தப் பறவை கூடுகிறது, எது குறைகிறது என்ற ஆய்வுக்குப் பயன்படாமல் போய்விடும். நேற்று இருந்த பறவை இன்று இல்லை என்று சொல்ல வேண்டுமானால், நேற்று இருந்தது என்பதை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும் இல்லையா?

2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை இப்படி எழுதி வைத்தவர்களின் உழைப்பில் உருவானது. ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்களின் மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 942 பறவை இனங்களை மதிப்பிட்டார்கள். 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றார்கள். அந்த வரிசையில் பனங்காடையும் இருந்தது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும், பறக்கும்போது மட்டும் சிறகில் நீலத்தைக் காட்டும் அதே பனங்காடைதான். பஸ்ஸில் போகும்போது சன்னல் வழியே பார்த்துவிட்டு "இதுதானே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற பறவை. திருப்பிக்கொள்ளாமல் எழுதியவர்கள் இருந்ததால்தான் அது குறைகிறது என்று தெரிந்தது.

மரம் நடுவதைப் பற்றி இப்போது பேசியாக வேண்டும். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

எங்கள் பகுதியில் ஒரு குளம். மழை பொய்த்த ஆண்டுகளில் பாதிக்கு மேல் காய்ந்து, விளிம்பில் சேறும் அதற்கு மேலே சரளை மண்ணும் கிடக்கும். ஒரு அமைப்பினர் அந்தச் சரளை மேட்டைப் பசுமையாக்கப் புறப்பட்டார்கள். நல்ல மனிதர்கள், கைக்காசைப் போட்டு வந்தவர்கள். பூவரசு, புங்கன், நாவல் என்று எல்லாம் நாட்டு மரக்கன்றுகள். ஒரே மாதிரி பனியன் போட்ட இளைஞர்கள் கடப்பாரையோடு குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே இரண்டு ஆள்காட்டிகள் வட்டமிட்டுக் கத்திக்கொண்டே இருந்தன. ஒரு பையன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது ஏன் இப்படிக் கத்துகிறது?" என்று கேட்டான். அவன் கால் வைத்திருந்த இடத்திலிருந்து நாலு எட்டுத் தள்ளி அதன் முட்டைகள் இருந்தன. கூடு என்று எதுவும் கிடையாது. உள்ளங்கை அகலத்துக்கு மண்ணை லேசாகக் குழித்து, சுற்றிலும் பொடிக் கற்கள். நடுவில் நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்பக்கம் பார்த்தபடி. மண் நிறத்தில் கரும்புள்ளிகள். விரலை நீட்டிக் காட்டிய பிறகும் அந்தப் பையனுக்கு அவை முட்டைகள் என்று பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று.

அந்த ஒரு வரிசையை விட்டுவிட்டுத் தோண்டினார்கள். நல்லதுதான். ஆனால் பிரச்சினை அந்த நான்கு முட்டைகளோடு முடிவதில்லை. ஆள்காட்டி, வானம்பாடி, நெட்டைக்காலி எல்லாம் வெட்டவெளியில், தரையில் முட்டையிடுகிற பறவைகள். அவற்றுக்கு நாலாபுறமும் தெரிய வேண்டும். அங்கே மரம் வளர்ந்தால், அதில் ஏறி உட்கார்ந்து முட்டையை நோட்டம் விடக் காகத்துக்கும் வல்லூறுக்கும் வசதி. வெறும் தரை என்று நாம் நினைப்பது அவற்றின் வீடு. மரம் இல்லாத இடமெல்லாம் மரத்துக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்ததோ! சாலையோரத்தில் வெட்டப்பட்ட மரங்களுக்குப் பதிலாகச் சாலையோரத்திலேயே நடுங்கள், நானும் மண்வெட்டியோடு வருகிறேன். குளத்து மேட்டை விட்டுவிடுங்கள்.

குளத்தை ஆழப்படுத்துவதிலும் இதே கதைதான். தூர்வாருவது தேவை, விவசாயிக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். ஆனால் குளத்தை நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்துவிட்டால், அது பறவைக்குத் தொட்டிதான். பொரி உள்ளான் என்றொரு பறவை. வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் ஊருக்கு வருகிறது. மைனா அளவுதான் இருக்கும். நீந்தி இரை தேடுகிற பறவை அல்ல, நடந்து தேடுகிற பறவை. அதன் கால் எட்டுகிற அளவு தண்ணீரும், அலகு இறங்குகிற சேறும் இருந்தால்தான் அதற்கு இங்கே சாப்பாடு. அத்தனை தூரம் பறந்து வந்த பறவைக்கு முழங்கால் ஆழத் தண்ணீரைக்கூட நாம் விட்டுவைப்பதில்லை. நம் முழங்காலைச் சொல்லவில்லை, அதன் முழங்காலை.

கோவையில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் நடைபாதையும் விளக்குகளும் வந்தன. மாலையில் குழந்தைகளோடு வருகிறவர்களைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. மக்களுக்கும் காற்று வாங்க இடம் வேண்டும். ஒவ்வொரு குளத்திலும் ஒரு பக்கக் கரையையாவது சரிவாக, இருட்டாக, ஆள் நடமாட்டமில்லாமல் விடுங்கள் என்றுதான் கேட்கிறோம். அப்படிக் கேட்கப் போகும்போது வெறும் கையோடு போனால், "பறவை வேறு பக்கம் போய்க்கொள்ளும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒரு குளத்து வேலையின்போது எங்கள் குழுவினர் மாதாமாதம் எண்ணி வைத்திருந்த கணக்கை அச்சடித்து எடுத்துப் போனார்கள். எந்த மூலையில், எந்த மாதத்தில், எத்தனை உள்ளான், எத்தனை உப்புக்கொத்தி என்று. அதிகாரி பக்கங்களைப் புரட்டினார், வரைபடத்தை எடுத்து அந்த மூலை எது என்று கேட்டார். கேட்டதெல்லாம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். அந்த மூலை மட்டும் தப்பியது. அந்தக் கணக்கில் பாதி, ஒன்றும் விசேஷமில்லாத ஞாயிறுகளில், நாமக்கோழியையும் முக்குளிப்பானையும் தவிர வேறெதுவும் இல்லாத காலைகளில் எழுதப்பட்டது.

குழுவுக்கு வரும் வேலைகளில் இன்னொன்று தொலைபேசி. சித்திரை, வைகாசியில் "கீழே விழுந்த பறவைக் குஞ்சைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்" என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். பத்தில் பாதிக்கு மேல் காப்பாற்றியே இருக்கக் கூடாத குஞ்சுகள். இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்தி நடக்கிற மைனாக் குஞ்சு விழுந்துவிடவில்லை, பறக்கப் பழகுகிறது. தாயும் தகப்பனும் பக்கத்துச் சுவரில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். நாம் அதை அட்டைப் பெட்டியில் போட்டுப் பால் ஊற்றுவோம். பறவைக்குப் பால் ஆகாது, தயவுசெய்து ஊற்றாதீர்கள். பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றால் போதும். மனிதர் கை பட்டால் தாய்ப்பறவை சேர்க்காது என்பதும் கட்டுக்கதை. இதையெல்லாம் ஒவ்வொருவரிடமும் முகம் சுளிக்காமல் சொல்வதற்கு எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவர் தொலைநோக்கியைத் தொட்டதே அபூர்வம், முட்டி வலியால் குளக்கரைக்கும் வருவதில்லை. எங்களில் யாரையும்விட அதிகமான குஞ்சுகளைக் கூட்டோடு சேர்த்தவர் அவர்தான் என்பேன்.

அடுத்தது மயில். கொங்குப் பகுதியில் பறவைக் குழுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு தோட்டத்துக்குள் போனால் முதல் கேள்வியே, "ஏனுங்க, மயிலுக்குப் பரிந்து பேச வந்திருக்கிறீர்களா?" என்பதுதான். நிலக்கடலையைக் கிளறிவிடுகிறது, தக்காளியைக் கொத்திப் போடுகிறது. அவர்கள் சொல்வது பொய்யில்லை. நான் மேலே சொன்ன அதே அறிக்கையே நாட்டில் மயில்கள் 150 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருப்பதாகச் சொல்கிறது. குள்ளநரி போய்விட்டதால் என்பார்கள், உழாமல் விட்ட நிலத்தில் சீமைக் கருவேலம் புதராக மண்டியதால் என்பார்கள். காரணம் எதுவானாலும் நட்டம் அந்த விவசாயிக்கு. அவரிடம் போய்த் தேசியப் பறவை, சட்டம் என்று ஆரம்பித்தால், நாளைக்கு அவர் தோட்டத்துக் கிணற்றோரம் தூக்கணாங்குருவிக் கூடுகளை விட்டுவையுங்கள் என்று கேட்க நமக்கு வாய் இருக்காது. உட்கார்ந்து முழுவதையும் கேட்க வேண்டும். எங்களிடம் தீர்வு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பறவை வேலை என்றால் பறவையைப் பார்ப்பதுதான் என்று நினைப்பவர்கள் அருளகம் அமைப்பு பாறுக் கழுகுகளுக்காகச் செய்வதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போடும் டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்னும் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. நாடு முழுவதும் அவை கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைக்க வேண்டி வந்தது. கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் 2023இல்தான் தடை. தடை என்பது காகிதம். அது மருந்துக்கடைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் போய்ச் சேர ஆள் வேண்டும். நீலகிரிப் பக்கம் ஓடும் மாயாற்றின் சுற்றுப்புறத்தில் மாடு வளர்ப்பவர்களிடமும் கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக்கடைக்காரர்களிடமும் பேசுவது அந்த வேலை. அதில் படம் எடுத்துப் போட ஒன்றுமே இல்லை.

படம் எடுப்பவர்களை நான் வெறுப்பதாக நினைக்க வேண்டாம். நல்ல படம் ஒன்று அடையாளம் காண்பதில் எத்தனையோ சண்டைகளைத் தீர்த்திருக்கிறது. கூட்டை மறைக்கும் இலையைக் கிள்ளிவிட்டுப் படம் எடுப்பவரையும், கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பவரையும் மட்டும் குழுவிலிருந்து அனுப்பிவிட வேண்டும் என்பது என் கட்சி. குழுவில் சிலர் இதற்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு உண்மையான கவலை வேறு. நம் குழுக்களில் யார் இருக்கிறோம்? கார் இருப்பவர்கள், ஞாயிறு விடுமுறை உள்ளவர்கள், காலையில் சமையலறையை வேறொருவர் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு உள்ளவர்கள். பெண்கள் குறைவு. குளத்தையே நம்பி வாழ்கிறவர்கள் கிட்டத்தட்ட இல்லை. பரிசலில் வலை போடும் மீன்காரருக்குக் கூழைக்கடா எந்த வாரம் வந்தது, எந்த மூலையில் இறங்குகிறது, எப்போது கிளம்பியது என்பதெல்லாம் அத்துப்படி. ஆடு மேய்க்கிற அம்மாவுக்கு ஆள்காட்டி முட்டையிட்ட இடங்கள் தெரியும். ஆட்டை அந்தப் பக்கம் விடாமல் திருப்புவதை நானே பார்த்திருக்கிறேன். வேடந்தாங்கலிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் ஊரே சேர்ந்து பட்டாசு வெடிக்காமல் பறவைகளைக் காத்து வருவதைத் தீபாவளிக்குத் தீபாவளி பகிர்ந்துகொள்கிறோம். நம் ஊர்க் குளத்தில் அப்படிப்பட்டவரின் பெயரைக்கூடக் கேட்டு வைப்பதில்லை. எங்கள் குழுவில் இந்த ஆண்டு ஓர் ஏற்பாடு: கணக்கெடுக்க யார் போனாலும், முதலில் கரையில் இருப்பவரிடம் ஒரு டீ குடிக்க வேண்டும். டீக்காசு குழுவின் செலவு. அவர் சொல்லும் தகவல் குறிப்பேட்டில் அவர் பெயரோடு ஏற வேண்டும்.

பொங்கல் கணக்கெடுப்புக்கு வர நினைப்பவர்கள் சொல்லுங்கள். தொலைநோக்கி இல்லையென்றால் பரவாயில்லை, குழுவில் சில உண்டு, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். பளீரென்ற வெள்ளைச் சட்டை வேண்டாம். குழந்தைகளைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். பெரியவர்களைவிட அவர்களுக்குக் காது கூர்மை. பொங்கல் முடிந்து தை கடைசியிலும் மாசியிலும் தொடர்ந்து வரக்கூடியவர்கள் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு குளம் தருவதாக இருக்கிறோம், எந்தக் குளம் என்பதை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.